வாழும் பிள்ளை போட்ட சட்டை

காலையில் பல் விளக்கிவிட்டு வந்ததும் ஞானராஜுக்கு முதல் வேலை, மகனின் நெஞ்சைப் படிப்பது. ஜோஸ்வினுக்கு நாலரை வயது. அவன் சட்டையில் என்றைக்கு என்ன எழுதியிருக்கும் என்று பெற்ற அப்பனுக்கே தெரியாது. ஒரு நாள் 'ஐ ஆம் தி பாஸ்' என்றிருக்கும். மறுநாள் 'மம்மீஸ் ஏஞ்சல்' என்றிருக்கும். அதற்கும் மறுநாள் ரோஸ் கலரில், கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த சட்டையில், ஜிகினா எழுத்தில் 'லிட்டில் பிரின்சஸ்' என்று மின்னும். ஆண்பிள்ளையை இளவரசி என்று எழுதித் தெருவில் விட்டால் எந்த அப்பன் நிம்மதியாக டீ குடிப்பான்?

ஞானராஜ் பன்னிரண்டாவது வரை படித்தவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவான், பாதிக்கு மேல் அர்த்தமும் சொல்லிவிடுவான். அவனுக்கு வந்த கேடே அதுதான். அவன் மனைவி வேளாங்கண்ணிக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. ஒரு சட்டை கைக்கு வந்தால் தையல் விட்டிருக்கிறதா, பட்டன் இருக்கிறதா, அக்குளில் இறுக்குமா என்று பார்ப்பாள். எழுத்து என்ன சொல்கிறது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இதில் கஞ்சத்தனமோ வறுமையோ எதுவும் இல்லை. மாரண்டஹள்ளி தக்காளி மண்டியிலிருந்து ஓசூருக்குப் பெட்டி ஏற்றிப் போகும் குட்டியானை வண்டி ஞானராஜுக்குச் சொந்தம். வேளாங்கண்ணி அதே மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறாள். ஒற்றைப் பிள்ளைக்கு மாதம் ஒரு சட்டை எடுக்க அவர்களால் முடியும். ஆனாலும் ஜோஸ்வின் பிறந்த நாள் முதல் இன்றுவரை புதுத்துணி என்று ஒரு முழம் அவன் உடம்பில் பட்டதில்லை. அது ஒரு வேண்டுதல்.

அவனுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போனார்கள். முதலாவது பெண். அவள் பிறப்பதற்கு முன்பே ஆசை அடங்காமல் ஞானராஜ் ஓசூரில் ஒரு மஞ்சள் கவுன் எடுத்து வந்து பீரோவில் வைத்தான். அந்தக் கவுனைப் போட்டுத்தான் அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனார்கள். இரண்டாவது பையன். அப்போது ஞானராஜ் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளையின் மூச்சு நின்ற நேரத்தில் அவன் தொப்பூர் கணவாயில், கவிழ்ந்து கிடந்த கண்டெய்னருக்குப் பின்னால், நகராத வண்டி வரிசையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, தெருவில் போட்ட நாற்காலிகளைக்கூட அடுக்கிவிட்டார்கள். அதோடு லாரியை விட்டான். பொழுது சாய வீடு திரும்புகிற ஓட்டம் போதும் என்று குட்டியானை வாங்கினான்.

மூன்றாவது வயிற்றில் இருந்தபோது, மண்டியில் கூட வேலை செய்யும் சாலம்மாள்தான் வேளாங்கண்ணிக்கு அந்த வழியைச் சொன்னாள். "புதுசு போட்டு அழகு பாத்தா எமன் கண்ணு படும். வாழற புள்ள போட்ட துணிய நாலு வூட்டுல மடியேந்தி வாங்கிப் போடு. இது ஊரார் புள்ளன்னு நெனச்சுக்கிட்டு அவன் தாண்டிப் போயிருவான்." கத்தோலிக்கர் வீட்டுக்கு எமன் வருவானா என்பது ஞானராஜுக்குச் சந்தேகம். சாவு வந்ததில் சந்தேகமில்லை. வேளாங்கண்ணி அந்தச் சந்தேகத்துக்கே இடம் கொடுக்காமல் வழக்கை மாதாவிடம் கொண்டுபோய்விட்டாள். பிள்ளைக்கு ஐந்து வயது நிறைகிறவரை வாழும் பிள்ளைகள் போட்ட துணிதான் போடுவேன், ஐந்து முடிந்து வரும் மாதா திருவிழாவில் உன் முன்னால் முதல் புதுத்துணி போடுவேன் என்று கோவிலில் முட்டிபோட்டுச் சொல்லிவிட்டு வந்தாள்.

சொன்னவள் சொன்னபடி நின்றாள் பாருங்கள், அங்கேதான் நமக்கு மூச்சு முட்டுகிறது. ஜட்டி முதல் மழைத்தொப்பி வரை எல்லாம் கேட்டு வாங்கியது. போட்டுத் தூக்கியெறிகிற டயப்பருக்கு மட்டும்தான் மாதாவிடம் விலக்கு வாங்கினாள். ஞானஸ்நானத்துக்குப் போடும் வெள்ளை அங்கிகூட, மூன்றாவது வீட்டு ஆரோக்கிய பிரவீன் தன் ஞானஸ்நானத்துக்குப் போட்டது. பங்குச்சாமியார் சிரித்துக்கொண்டே, "மாதா இவ்வளவு கண்டிப்பு இல்லம்மா" என்றார். "நான் கண்டிப்புங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்தாள் வேளாங்கண்ணி. பள்ளிக்கூட யூனிஃபார்ம் வந்தபோது, யு.கே.ஜி.க்குப் போன ஒரு பிள்ளையின் போன வருடத்து யூனிஃபார்மைக் கேட்டு வாங்கி, பாக்கெட்டில் இருந்த மைக்கறையோடு போட்டு அனுப்பினாள்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, "எம் பையனுக்கு ஒரு துணி போடுங்க" என்று கேட்பாள். ஜாதி பார்த்ததில்லை, மதம் பார்த்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளை ஆரோக்கியமாக ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பாள். பஞ்சு மெத்தைக் கடை அப்துல் சுபான் வீடு, கன்னடம் பேசுகிற குள்ளம்மாள் வீடு, மொபைல் கடை ராஜப்பன் வீடு என்று ஊரில் பல வாசல்கள் அவளுக்குப் பழக்கம்.

இப்படி வருகிற சட்டையில் அப்பன் விரும்பின வாசகம் எங்கிருந்து வரும்? பிள்ளைகளின் சட்டையைப் பற்றி அந்தப் பள்ளிக்கூட வாசலில் ஆளுக்கொரு கட்சி. சனிக்கிழமை கலர் டிரஸ் நாள். பிள்ளைகளை விட வந்த பெற்றோர் கேட் திறக்கிறவரை நின்று ஒருத்தர் பிள்ளையை ஒருத்தர் படித்துக்கொண்டிருப்பார்கள். ராஜப்பன் எழுத்துக்கே எதிரி. "கோடு போட்டது, கட்டம் போட்டது போதுங்க. எவனோ திருப்பூர்ல உக்காந்துக்கிட்டு எம் புள்ள நெஞ்சுல எழுதுவானா? புள்ள என்ன செவுரா?" என்பார். யு.கே.ஜி.யில் படிக்கிற மோனிஷாவின் அம்மா வேறு கட்சி. எழுத்து பெரிதாக இருந்தால் பார்க்கிறவர்கள் கண் எழுத்தின் மேல் போய்விடும், பிள்ளை மேல் திருஷ்டி விழாது என்பது அவள் கண்டுபிடிப்பு. இங்கிலீஷ் எழுதின சட்டை போட்டால் இங்கிலீஷ் தன்னால் வரும் என்று நம்பினவர்களும் உண்டு. பெண்பிள்ளைக்கு அப்பா பெயரைச் சொல்கிற சட்டை, பையனுக்கு ராஜா, சிங்கம், புலி. இரண்டு வயதுக் குழந்தைக்குக் கிழிந்த ஜீன்ஸ் போடலாமா என்று ஒரு வாரம் முழுக்கச் சண்டை நடந்தது.

அந்த வாசலில்தான் ஞானராஜுக்கு அடி விழும். ரோஸ் சட்டை நாளில் ராஜப்பன், "என்னங்க ஞானராஜ், வூட்டுல இருக்கறது எளவரசனா எளவரசியா, ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஞானராஜும் சிரித்தான். வண்டியில் ஏறி ஓசூர் போய்ச் சேருகிற வரைக்கும் ஹாரனை அழுத்திக்கொண்டே போனான்.

அதைவிடப் பெரிய அடி ஜனவரியில் வந்தது. பளீர் ஆரஞ்சு கலரில் ஒரு பனியன் சட்டை. நெஞ்சு முழுக்கக் கறுப்பில் 'ஹியர் கம்ஸ் ட்ரபிள்'. இதோ வருகிறது தொல்லை. எத்தனை தவம் கிடந்து பெற்ற பிள்ளை, அவனை ஊரே பார்க்கத் தொல்லை என்று எழுதி விட்டிருக்கிறதே என்று ஞானராஜுக்கு உடம்பே கொதித்தது.

"இத எங்க வாங்குன?" என்று கேட்டான்.

"ஷகிலா வூட்டுல. சோஹைல் போட்டது." ஷகிலா, அப்துல் சுபானின் மனைவி. சோஹைல் அவர்கள் மகன், ஜோஸ்வினைவிட ஒரு வயது மூத்தவன்.

"என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுப் பாத்தியா?"

"படிச்சுப் பாக்கலீங்க. தொவச்சுப் பாத்தேன். சாயம் போகல."

ஞானராஜ் அந்தச் சட்டையை எடுத்து அலமாரியின் அடித்தட்டில், கம்பளிக்குக் கீழே தள்ளிவிட்டான். மறுநாள் அது துவைத்து மடித்து மேலே இருந்தது.

பிப்ரவரியில் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையில் நடந்து வருவார்கள் என்றும், மிஸ் மைக்கில் பெயரையும் சட்டையில் இருக்கும் வாசகத்தையும் சொல்லுவார் என்றும், புது டிரஸ் போட்டு அழைத்து வரும்படியும் செய்தி வந்தது. வாசகமில்லாத சட்டை வேண்டாமாம். ராஜப்பன் இதற்காக ஹெட்மிஸ்ஸிடம் போய் ஒரு பாட்டம் பேசிவிட்டு வந்தார், நடக்கவில்லை.

"ஆரஞ்சு சட்டைய எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள் வேளாங்கண்ணி. "இருக்கறதுலயே அதான் பளிச்சுன்னு இருக்குது."

மைக்கில் மிஸ்ஸின் குரல் ஞானராஜின் காதில் இப்போதே கேட்டது. ஜோஸ்வின், இதோ வருகிறது தொல்லை. ஊர் கூடிச் சிரிக்கும். இரண்டு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவன் மிச்சமிருக்கிற ஒன்றை மேடையேற்றிச் சிரிப்புக்குக் கொடுப்பானா? மறுநாள் ஓசூரில் தக்காளியை இறக்கியதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தான்.

மஞ்சள் கவுன் எடுத்த நாளுக்குப் பிறகு அவன் பிள்ளைத் துணிக்கடைப் படி ஏறியது அன்றைக்குத்தான். கடைக்காரப் பெண் ஒரு அடுக்கை எடுத்துப் போட்டாள். ஞானராஜ் பரீட்சைத் தாள் திருத்துகிறவன் கணக்காக ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தான். 'கூல் டூட்', வேண்டாம், திமிர். 'ஸ்லீப்பி ஹெட்', தூங்குமூஞ்சியா என் பையன்? 'பார்ன் டு வின்', இருக்கட்டும், ஆனால் கலர் சரியில்லை. கடைசியில் வான நீலத்தில் ஒரு சட்டை. நெஞ்சில் சின்னதாகக் கிரீடம், அதன் கீழே 'லிட்டில் கிங்'. அதை எடுத்து விரித்தான். புதுத் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. "ஒரு சைஸ் பெருசாவே குடும்மா, வளர்ற பையன்" என்றான். எல்லா அப்பன்களும் சொல்கிற அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

வாங்கிவிட்டான், சரி. வேண்டுதலை என்ன செய்வது? திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். வாழும் பிள்ளை போட்ட துணி என்பதுதானே பேச்சு? எவ்வளவு நேரம் போட்டிருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இதை ஒரு பொழுது சோஹைலுக்குப் போட்டுக் கழற்றிவிட்டால், போட்ட துணி ஆகிவிட்டது. ஷகிலா கொடுத்தாள் என்று சொல்லி வேளாங்கண்ணி கையில் கொடுத்துவிடலாம். மாதாவுக்கும் குறையில்லை, மகனுக்கும் குறையில்லை. இந்த நுணுக்கம் தோன்றியதில் அவனுக்குப் பெருமைகூட வந்தது.

அப்துல் சுபான் வீட்டு வாசலில் ஷகிலா சிமெண்டுத் தளத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாய்த்துடுக்குக்காரி. மனதில் பட்டதை நாக்கில் நிறுத்தி வைக்கத் தெரியாதவள்.

"பாய் கடையில இருக்காருங்கண்ணே" என்றாள்.

"பாயப் பாக்க வரலம்மா. உன்கிட்டதான் ஒரு உதவி."

கவரைப் பிரித்துச் சட்டையைக் காட்டி, விஷயத்தைச் சொன்னான். ஷகிலா மிளகாய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கழுத்தில் தொங்கின விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"மாதாவையே ஏமாத்தப் பாக்கறீங்களாண்ணே?"

"ஏமாத்தறது என்னம்மா இதுல? இன்னொரு பையன் போட்டதுன்னா போட்டதுதான?"

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாளோ என்று அவன் நின்றான். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கட்டைப்பை இருந்தது. அதைத் தளத்தில் வைத்து வாயை விரித்தாள். உள்ளே சின்னச் சின்னச் சட்டைகள், கால்சட்டைகள், எல்லாம் துவைத்துத் தேய்த்து அடுக்கியிருந்தன.

"இது ஜோஸ்வின் பை. சோஹைலுக்குச் சின்னதானது எல்லாம் இதுல விழும். அக்கா வந்து மடி ஏந்தறப்ப ஒண்ணு ஒண்ணா எடுத்துப் போடுவேன். மொத்தமாக் குடுத்தா வாங்காது, ஒரு தடவைக்கு ஒண்ணுதான் வாங்கும். எங்க வூட்டுல மட்டும்னு நெனைக்காதீங்க. குள்ளம்மா வூட்டுல ஒரு பை இருக்குது. நம்ம கூசுக்கு, அதான் நம்ம கொழந்தைக்குன்னு சொல்லித்தான் எடுத்து வெக்கறாங்க. ராஜப்பன் வூட்டுலயும் இருக்குது. வாயிதான் அவருக்கு நீளம், பையில போடற துணிக்கு இஸ்திரி போடறது அவருதான்."

ஞானராஜுக்கு நம்ப முடியவில்லை. ராஜப்பனா?

"இதுல காச்சலப்ப போட்டிருந்த துணி ஒண்ணும் இருக்காது, பாத்துக்கோங்க. சோஹைலுக்கு டெங்கு வந்தப்ப போட்டிருந்ததை எல்லாம் தனியா எடுத்துத் தொடைக்கற துணியாக்கிட்டேன். அழுதுக்கிட்டே போட்ட துணிகூட வெக்க மாட்டேன். ஓடி ஆடுன துணி மட்டும்தான். அக்கா கேக்கல, நானா வெச்சுக்கிட்டேன்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவளுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. போன ரம்ஜானுக்குத் துணி எடுக்கப் போனபோது சோஹைல் மண்டையோடு படம் போட்ட கறுப்புச் சட்டைதான் வேண்டும் என்று கடையில் விழுந்து புரண்டான். வகுப்பில் பாதிப் பையன்களிடம் அந்தச் சட்டை இருக்கிறது. சுபான் பாயும் பாவம், பண்டிகை நாளில் பிள்ளை அழுகிறானே என்று எடுக்கப் போனார்.

"நான்தான் வேண்டாம்னுட்டேன். நாளைக்கு இது ஜோஸ்வின் மேல ஏறுமேங்க! அந்தப் புள்ள மேல மண்டையோட்டப் போட எனக்கு மனசு வருமா? எம் புள்ள அழுதா அழுதுட்டுப் போறான்னு கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

ஞானராஜ் மிளகாய்க்குப் பக்கத்தில் தளத்தில் உட்கார்ந்துவிட்டான். நாலரை வருடமாக மகனின் நெஞ்சை ஒரு நாள் விடாமல் படித்தவன் அவன். பாஸ் என்று படித்தான், ஏஞ்சல் என்று படித்தான், பிரின்சஸ் என்று படித்துப் பல்லைக் கடித்தான். ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் மண்டையோட்டோடு திரியும்போது, தன் பிள்ளை மேல் ஒருமுறைகூட அது வரவில்லையே என்று அவன் கவனித்ததே இல்லை. எழுதியிருந்ததை மட்டும் படித்தவனுக்கு, எழுதாமல் காத்தவர்களைத் தெரியவில்லை. ஒரு தாய் தன் பிள்ளைக்குத் துணி எடுக்கப் போன இடத்தில், பண்டிகை நாளில், பக்கத்துத் தெருப் பிள்ளையின் ஆயுளை நினைத்திருக்கிறாள். இப்படி எத்தனை பேர், எத்தனை கடையில்! அவனுக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போனது.

ஆனாலும் மனம் லேசில் விடுமா? "அப்போ அந்த ஆரஞ்சு சட்டை? தொல்லைன்னு போட்டிருந்துச்சே?" என்று கேட்டுவிட்டான்.

"வம்பு வருதுன்னு அர்த்தம். கடைக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன்." ஷகிலா அவனை நேராகப் பார்த்தாள். "அண்ணே, உங்க வூட்டத் தாண்டித்தான் நான் தண்ணிக்குப் போவேன். ரெண்டாவது புள்ள போனப்புறம் அந்த வூட்டுல ஒரு டம்ளர் கீழ விழற சத்தம் கேக்காது. வம்பு பண்ற புள்ள ஒண்ணு வேணும்னுதான நீங்க ரெண்டு பேரும் அழுதீங்க? வந்துருச்சில்ல, வம்பு. அத நெஞ்சுல போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தட்டும்னுதான் அந்தச் சட்டைய எடுத்தேன்."

ஞானராஜ் தலையைக் குனிந்துகொண்டான். மிளகாய் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தான். அவளும் மிளகாய்தான் என்று ஒத்துக்கொண்டாள்.

பிறகு நீலச் சட்டையை எடுத்துக் காட்டி, "சொல்லுங்க, என்ன பண்ணட்டும்? சோஹைல் தூங்கறான், எழுப்பிப் போட்டுக் கழட்டித் தரேன். அக்காகிட்ட மூச்சு விட மாட்டேன்" என்றாள்.

அவன் யோசிக்கவில்லை. "அவனே போடட்டும்மா. ஆண்டு விழாவுக்கு அவனே போட்டுக்கிட்டு வரட்டும். ஓடி ஆடி, சின்னதாகற வரைக்கும் போடட்டும்" என்றான். வண்டியில் ஏறின பிறகுதான், ஒரு சைஸ் பெரிதாக வாங்கியது சோஹைலுக்குக் கனகச்சிதமாக இருக்கும் என்பது அவனுக்கு உறைத்தது.

ஆண்டு விழா சாயங்காலம் நடந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி. ஞானராஜ் வீடியோ எடுக்கப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில் வேளாங்கண்ணி, மடியில் ஜெபமாலை. நாலு வரிசை தள்ளி ஷகிலா. யு.கே.ஜி. பிள்ளைகள் முதலில் வந்தார்கள். மிஸ் மைக்கில், "சோஹைல்! லிட்டில் கிங்!" என்றார். நீலச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, ஒரு சின்ன ராஜாவாகத்தான் வந்தான் பையன். ஞானராஜ் தன்னை அறியாமல் போனைத் தூக்கினான். இந்தப் பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வரக்கூடாது, இந்தச் சட்டையோடு இவன் ஓடி விளையாட வேண்டும், வளர்ந்து இந்தச் சட்டை பத்தாமல் போக வேண்டும் என்று அவன் நெஞ்சு தவித்தது. பெற்ற பிள்ளைக்கு வேண்டிக்கொள்கிற அதே தவிப்பு. இன்னொருவன் பிள்ளைக்காகத் தனக்குள் இப்படி ஒன்று கிளம்பும் என்று அவன் கண்டானா?

அப்போதுதான் பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டது. வேளாங்கண்ணி ஒரு மணியை நகர்த்தி, "சோஹைலுக்கு நல்ல சொகத்தக் குடு தாயே" என்றாள். அடுத்த பிள்ளை மேடைக்கு வந்தது. அடுத்த மணி நகர்ந்தது. "மோனிஷாவுக்கு நல்ல சொகத்தக் குடு தாயே."

"என்ன பண்ற நீ?" என்று கேட்டான்.

"செபம்தான்."

"நம்ம பையனுக்கு இல்லியா?"

அவள் அவனை வினோதமாகப் பார்த்தாள். "நம்ம பையனுக்குத்தாங்க. வாழற புள்ள துணின்னு கேட்டு வாங்கறேன். அந்தப் புள்ள வாழ வேண்டாமா? துணி வாங்கின அன்னைக்கே அந்தப் பேரு எஞ் செபத்துல சேந்துரும். நமக்குன்னு கேக்கறது கடைசி மணி ஒண்ணுதான்."

நாலரை வருடமாக அதே கட்டிலில் பக்கத்தில் படுத்திருந்து, அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே தூங்கினவன் ஞானராஜ். அத்தனை மணியும் தன் மகனுக்கு என்றே நினைத்திருந்தான். எட்டாவது வரை படித்து, தக்காளி பொறுக்குகிற இந்த மனுஷி, ஒரு ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் தினம் மடியில் போட்டுத் தாங்கியிருக்கிறாள். யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை. இவளோடா நாம் குடித்தனம் நடத்தினோம் என்று அவன் அவளையே பார்த்தான்.

"ஜோஸ்வின்! ஹியர் கம்ஸ் ட்ரபிள்!" என்றது மைக்.

ஆரஞ்சுச் சட்டை மேடைக்கு வந்தது. நேராக நடக்கச் சொல்லியிருந்தார்கள். அவன் நடக்கவில்லை. ஓடினான். மேடை ஓரத்துச் சாமந்திப் பூந்தொட்டியில் கையை விட்டு ஒரு பூவைப் பறித்து, மிஸ்ஸைச் சுற்றி ஓடி, மைக்கைப் பிடித்து "அம்மா!" என்று ஷாமியானா அதிரக் கத்தினான். ஊரே சிரித்தது. ராஜப்பன் எழுந்து நின்று கை தட்டினார். குள்ளம்மாள் கன்னடத்தில் என்னவோ சொல்லி நெட்டி முறித்தாள். ஞானராஜும் சிரித்தான், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தான். வேளாங்கண்ணி மட்டும் கண்ணை மூடிக் கடைசி மணியைப் பிடித்திருந்தாள்.

கூட்டம் கலைந்து கேட்டுக்கு வந்தபோது, "எடுத்தீங்களா, காட்டுங்க" என்று அவள் போனைக் கேட்டாள். ஞானராஜ் காட்டினான். சோஹைல் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை பிசகாமல் இருந்தான். ஜோஸ்வின் இல்லை. அவன் வந்தபோது போன் மடியில் கிடந்திருக்கிறது. ஞானராஜ் திருதிருவென விழித்தான். அவள் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள்.

அதற்குள் ஷகிலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முகத்தில் கலவரம். "அண்ணே, சோஹைல எடுத்தீங்களா?" என்றாள். "ஜோஸ்வின் எப்ப வருவான், எப்ப வருவான்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன். அவன முழுசா எடுத்துட்டேன். எம் புள்ளய எடுக்க மறந்தே போயிட்டேண்ணே."

ஞானராஜ் போனை அவள் கையில் கொடுத்தான்.